கொள்கை எத்தனை கிலோ

தராசுச் சரிபார்ப்பு நிலையத்தில் எடைபோடாமல் எதையும் முடிவு செய்வதில்லை. கடைகளிலிருந்து வரும் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவதுதான் அதன் வேலை. நாளடைவில் அந்தப் பழக்கம் மற்ற வேலைகளுக்கும் பரவிவிட்டது. புதிய நாற்காலி வந்தால் எடைபோட்டார்கள். ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுக்கும் கைக்கடிகாரத்தையும் எடைபோட்டார்கள். விடுப்பு விண்ணப்பம் பல தாள்களுக்குப் போனால், காரணம் கனமானது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

எடைக்கல் பிரிவில் பஞ்சு வேலை பார்த்தாள். அது அவளுடைய பெயரல்ல. இயற்பியல் படித்துவிட்டு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே நிலையம் அந்தப் பெயரை வைத்துவிட்டது. நடந்தால் சத்தம் வராது. பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. அவள் உள்ளே இருப்பது தெரியாமல் விளக்கை அணைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்போதும் அவள் கூப்பிடவில்லை. யாராவது திறப்பார்கள் என்று காத்திருந்தாள்.

அந்தப் பஞ்சு தூக்கத்தில் குறட்டை விடுவாள். அவளோடு ஒரே அறையில் வாடகைக்கு இருக்கும் அக்காவுக்கு மட்டுமே அது தெரியும்.

"உன் மூக்குக்குள்ள யாருடி மரம் அறுக்குறது? கூலியாவது கொடுக்குறாங்களா?" என்று அக்கா காலையில் கேட்பாள்.

"போக்கா."

இவ்வளவு நாளும் இது வீட்டு விஷயமாகவே இருந்தது. இப்போது வெளியூரில் பயிற்சி முகாம் நடக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. தங்கும் விடுதியில் பஞ்சுவுக்கும் துணை இயக்குநர் அம்மையாருக்கும் ஒரே அறை. "தூக்கத்துல கொசு ரெக்கை அடிச்சாலும் எனக்கு முழிப்பு வந்துடும்" என்று அந்த அம்மையாரே பலமுறை சொல்லியிருக்கிறார். பஞ்சுவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவளுடைய கைபேசி திரை உடைந்து பழுதுபார்க்கும் கடையில் கிடந்தது. ஆகவே எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பிரிவின் கணினியில் "குறட்டையை நிறுத்துவது எப்படி" என்று தேடினாள். ஒருக்களித்துப் படுக்கச் சொன்ன ஒரு கட்டுரையைப் படித்தாள். மூடினாள். தேடிய வரலாற்றை அழித்தாள். எடைக்கல் துடைக்கும் துணியால் விசைப்பலகையையும் துடைத்தாள். அறிவியல் படித்தவள், தடயமில்லாமல் செய்துவிட்டதாக நம்பினாள்.

அந்தக் கணினியில் இருந்த உலாவி உலகம் முழுக்கப் பலரும் பயன்படுத்தும் பெரிய உலாவி. நிலையத்தில் அதைப் பெரிசு என்பார்கள். நிலையத்தின் எல்லாக் கணினிகளையும் பெரிசில் ஒரே கணக்கில் சேர்த்து வைத்திருந்தார் கணினிப் பிரிவுத் தலைவர். ஆளாளுக்கு ஒரு கடவுச்சொல் என்றால் தொல்லை. ஒன்றே ஒன்று என்றால் வசதி. சேர்த்த கையோடு, சேர்த்ததை மறந்தும்விட்டார்.

மறுநாள் காலை வெளியிலிருந்து பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். இயக்குநர் கூட்ட அறைச் சுவரில் முத்திரைப் புள்ளிவிவரங்களைப் பெரிதாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் தோன்றினார். தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துக் கட்டிய ஒரு பட்டையோடு அவர் சிரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே விளம்பர வாசகமாக, "உங்கள் குறட்டை உங்களுக்குக் கேட்காது. மற்றவர்களுக்கு?" என்று எழுதியிருந்தது.

இயக்குநர் குச்சியை அந்த மனிதரின் மூக்கில் வைத்தார்.

"இது வந்து, நம்ம ஊழியர் பாதுகாப்பு நடவடிக்கை" என்றார். பார்வையாளர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் எல்லோரும் கிடங்குக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்யா என்னைப் பாக்குறீங்க? வயிறு கொஞ்சம் முன்னாடி வந்துட்டா எல்லாத்துக்கும் நான்தானா? போன தடவை லிஃப்ட் நின்னப்பவும் இப்படித்தான் பாத்தீங்க" என்றார் அவர்.

அன்று மாலைக்குள் பட்டை மனிதர் எல்லாக் கணினிகளிலும் வந்து படுத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொருவரும் அவர் தன்னிடம் மட்டும் வந்திருப்பதாக நினைத்தார்கள். கணக்கர் திரையின் ஓரத்தில் நாட்காட்டித் தாளை ஒட்டினார். தட்டச்சர் அம்மா அந்த இடத்தில் கைக்குட்டையைத் தொங்கவிட்டார். யாராவது பக்கத்தில் வந்தால் ஆளாளுக்குத் திரையைக் கட்டிப்பிடித்தார்கள்.

பஞ்சுவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அழித்தது தன் கண்ணுக்குத்தான், பெரிசு மறக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில் வேறோர் உலாவி இருப்பது தெரிந்தது. எங்கெங்கோ இருக்கும் சிலர் சேர்ந்து சம்பளமில்லாமல் செய்தது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. குறைகளும் இருந்தன. மெதுவாகத் திறக்கும். பாதிப் பக்கங்கள் கோணலாக வரும். நிலையத்தின் வருகைப்பதிவுப் பக்கம் அதில் வரவே வராது. பஞ்சு அதற்குச் சிறிசு என்று பெயர் வைத்துக்கொண்டு, கணினிப் பிரிவுத் தலைவரிடம் போனாள்.

"சார், என் கம்ப்யூட்டர்ல வேற பிரவுசர் போட்டுக்கலாமா?"

"என்னம்மா? சத்தமா சொல்லு."

"வேற பிரவுசர், சார்."

"ஏன், பெரிசுக்கு என்ன குறைச்சல்?"

"அது நம்மளைப் பாக்குது சார்."

"பாக்கட்டுமே! என்னை வீட்டுல யாரு பாக்குறா? அதாவது பாக்குதே!" அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். "என் கல்யாண நாளை அதுதாம்மா ஞாபகம் வச்சிருக்கு. போன வருஷம் பூங்கொத்தே அனுப்பிடுச்சு. என் பொண்டாட்டி ஓடி வந்து நன்றி சொல்றா, எதுக்குன்னு தெரியாம நான் முழிக்கிறேன். அப்படி ஒரு வசதியை விட்டுட்டு எவனாவது வேற தேடுவானா? சரி, இது கொள்கை முடிவு. நான் தனியா எடுக்க முடியாது. மேல அனுப்புறேன்."

பஞ்சு வேண்டாம் என்று சொன்னாள். அது அவருக்குக் கேட்கவில்லை.

இப்படியாக உலாவித் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்துக்கு எல்லா ஊழியர்களும் வரவேண்டும் என்று உத்தரவு. இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"முதல்லயே சொல்லிடுறேன். நான் இதுவரைக்கும் எந்தப் பிரவுசரையும் தொட்டதில்ல. மெயில் வந்தா என் உதவியாளர் அச்செடுத்துக் கொடுப்பார். நான் பேனாவுல பதில் எழுதுவேன். அவர் அதைத் திரும்ப அடிச்சு அனுப்புவார். அதனால இந்த விஷயத்துல எனக்குப் பாரபட்சங்கிறதே கிடையாது."

பலத்த கைத்தட்டல். வசதியின் சார்பாகக் கணினிப் பிரிவுத் தலைவர் பூங்கொத்துக் கதையை மறுபடி சொன்னார். கொள்கையின் சார்பாகத் துணை இயக்குநர் அம்மையார் எழுந்தார். கொள்கை என்றால் அவர்தான். மின்தூக்கியில்கூடக் கொள்கைக்காக ஏறமாட்டார். பக்கத்திலேயே படியேறி வருவார், தனது பையை மட்டும் அதில் அனுப்பிவிடுவார்.

"தனியுரிமைங்கிறது உயிர் மாதிரி. அதுக்காக நான் எந்த எல்லைக்கும் போவேன். இங்க இருக்குற ஒவ்வொருத்தரும் தான் எதை மறைக்க விரும்புறோம்னு எழுந்து நின்னு தெளிவா சொல்லணும். மறைக்க வேண்டியது என்னன்னு தெரிஞ்சாதானே நாங்க மறைக்க முடியும்?" அவர் அவையைச் சுற்றிப் பார்த்துப் பஞ்சுவைக் கண்டுபிடித்தார். "நீதானேம்மா முதல்ல கேட்டது? எழுந்திரு. பயப்படாம சொல்லு. இது ரகசியமா இருக்கும்."

ஒலிவாங்கியைக் கொண்டுவந்து பஞ்சுவின் வாய்க்கு முன்னால் பிடித்தார்கள்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கும்மா தனியுரிமை?" என்றார் கணினிப் பிரிவுத் தலைவர்.

"கொள்கைக்காக சார்."

அந்த அவையில் தாளைப் பார்க்காமல் ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இயக்குநர் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்தால் அவர் எடைபோடச் சொல்வது வழக்கம்.

"வாதம் பண்ணி என்ன ஆகப்போகுது? ரெண்டு பிரவுசருக்கும் தனியுரிமைக் கொள்கைன்னு ஒண்ணு எழுதி வச்சிருப்பாங்கல்ல? அச்செடுங்க. எதுல கொள்கை அதிகம்னு எடைபோட்டுப் பாத்துடுவோம்."

பெரிசின் தனியுரிமைக் கொள்கையை அச்செடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. அச்சுப்பொறி இடையிடையே மூச்சு வாங்கியது. மை தீர்ந்து, பக்கத்து அலுவலகத்தில் கடன் வாங்கினார்கள். பிற்சேர்க்கை, பிற்சேர்க்கைக்கு விளக்கம், விளக்கத்தில் வரும் சொற்களுக்கு அகராதி என்று தாள் வந்துகொண்டே இருந்தது. கிடங்குக்காரர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். "இவ்வளவு கனமான கொள்கைய என் சர்வீஸ்ல நான் தூக்கினதில்லப்பா" என்றார்.

சிறிசின் கொள்கை ஒரே தாள். அதிலும் ஒரே வரி. "உங்களைப் பற்றி எதையும் நாங்கள் சேகரிப்பதில்லை." மீதித் தாள் வெள்ளையாக இருந்தது.

நிலையத்தின் மிகப் பெரிய தராசைக் கூடத்தில் நிறுத்தினார்கள். விரல் பட்டால் அழுக்கு ஒட்டி எடை கூடிவிடும் என்பதால், பஞ்சு முறைப்படி இடுக்கியால் அந்த ஒற்றைத் தாளை எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். மறு தட்டில் பெரிசின் கட்டைக் கிடங்குக்காரர் சரித்தார். தட்டு தரையில் போய் இடித்தது. ஒற்றைத் தாள் எகிறிப் பறந்து, மின்விசிறியில் பட்டு, இயக்குநரின் மடியில் வந்து விழுந்தது.

"பாத்தீங்களா!" கணினிப் பிரிவுத் தலைவர் துள்ளினார். "பெரிசுக்குக் கொள்கையே இல்லன்னு சொன்னீங்க. தரையே ஆடுது, அவ்வளவு கொள்கை!"

இயக்குநர் மடியில் கிடந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை.

"அவங்க எவ்வளவு யோசிச்சிருந்தா இவ்வளவு எழுதியிருப்பாங்க! இது என்ன, ஒரு வரி. சோம்பேறிங்க."

"சார், என்னென்ன எடுக்குறாங்களோ அதையெல்லாம் சொல்லணும்ல, அதான் அது அவ்வளவு நீளம். இவங்க எதையும் எடுக்கல, அதனால சொல்ல ஒண்ணுமில்ல..." என்றாள் பஞ்சு.

யாருக்கும் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுது சார்" என்றார் கிடங்குக்காரர்.

"எடைபோட்டாச்சு. அதுக்கப்புறம் பேச்சென்ன?" என்று இயக்குநர் பெரிசின் கட்டில் முத்திரை குத்தினார். உலகத்திலேயே அதிகக் கொள்கையுள்ள உலாவி அது என்று அன்றே சுற்றறிக்கை போனது. ஒருவரும் கட்டைப் பிரித்துப் படிக்கவில்லை. படித்தால் தூக்க வேண்டும்.

துணை இயக்குநர் அம்மையார் விடவில்லை. தோற்றாலும் கொள்கைக்கு ஓர் இடமாவது வேண்டும் என்றார். இடம் என்றதும் இடம் ஒதுக்கினார்கள். நுண்தராசுகள் இருந்த கண்ணாடி அறையில், ஒரே ஒரு கணினியில் சிறிசை ஏற்றி, வாசலில் "தனியுரிமை அறை" என்று பலகை மாட்டினார்கள். காற்றடித்தால் தராசு ஆடும் என்பதற்காக நாலு பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்டிய அறை அது. கூடத்தில் எங்கே நின்றாலும் உள்ளே இருப்பவரின் முகம் நன்றாகத் தெரியும். தேநீர் இயந்திரத்தின் அருகே நின்றால் திரையும் தெரியும். அன்றிலிருந்து எல்லோருக்கும் தேநீர் அடிக்கடி தேவைப்பட்டது.

யாருடைய முறையோ அவரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

"எடைக்கல் பிரிவு பஞ்சு, தனியுரிமைக்கு உடனே வரவும். எடைக்கல் பிரிவு பஞ்சு, தனியுரிமைக்கு."

உள்ளே சாட்சியாகத் துணை இயக்குநர் அம்மையார் உட்கார்ந்திருந்தார்.

"நான் பாக்க மாட்டேம்மா, கண்ணை மூடிக்குவேன். அதுதான் கொள்கை. நீ என்ன டைப் பண்றியோ அதை வாய்விட்டுப் படிச்சுட்டா போதும்."

பஞ்சு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கணக்கரும் தட்டச்சர் அம்மாவும் கோப்பையும் கையுமாக நின்றார்கள். முகாமுக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. ஒருக்களித்துப் படுத்தும் பலனில்லை. "இப்ப மரத்தைச் சாய்ச்சு வச்சு அறுக்குற" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

"இன்று மழை வருமா?" என்று படித்தபடி தட்டினாள்.

சிறிசு நெடுநேரம் யோசித்தது. பிறகு பாதி மேகம் வரைந்து காட்டியது.

அவளுக்குப் பின் கணக்கர் போனார். நாளைக்கு மழை வருமா என்று கேட்டார். தட்டச்சர் அம்மா, வார இறுதியில் மழை வருமா என்று கேட்டார். கிடங்குக்காரர் மழையைத் தவிர வேறு எதையோ கேட்க வாயெடுத்து, கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "மழைதான் மேடம், மழைதான்" என்றார். ஊழியர்களின் அந்தரங்கம் முழுவதும் மழை சம்பந்தப்பட்டது என்று துணை இயக்குநர் அறிக்கை கொடுத்தார். அதைப் படித்த இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறைக்க மழை ஒண்ணுதான் இருக்குன்னா, எப்பேர்ப்பட்ட நேர்மையான ஆளுங்க!" என்று சொல்லி மழைமானி ஒன்று வாங்க உத்தரவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் கணினிப் பிரிவுத் தலைவர் கலங்கிய முகத்தோடு எழுந்தார்.

"சார், ஒரு வருத்தமான செய்தி. நிலையத்துல எல்லா கம்ப்யூட்டரையும் சோதிச்சேன். எல்லாத்துலயும் அந்தத் தாடைப்பட்டை ஆளு படுத்திருக்கான். என்னோடதுலயும்தான். பெரிசு தப்பா சொல்லாது சார், நம்மளைப் பத்தி நம்மளைவிட அதுக்கு நல்லாத் தெரியும். நிலையம் முழுக்கக் குறட்டை."

யாராவது எழுந்து மறுப்பார்கள் என்று பஞ்சு எதிர்பார்த்தாள். ஒருவரும் மறுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் சொன்னப்ப நான் சண்டை போட்டேன். இப்ப கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார் தட்டச்சர் அம்மா, மூக்கைத் தொட்டுக்கொண்டு.

"நான் தனியா இருக்குற ஆளு. எனக்கு யாரு சொல்லுவா? இதாவது சொல்லுச்சே" என்று கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வரலையே" என்றார் இயக்குநர்.

"உங்களுக்கும் வருது சார். நான்தான் அச்செடுத்துக் கொடுக்கல" என்றார் உதவியாளர்.

கிடங்குக்காரர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். "இப்ப யாரைப் பாக்கப்போறீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

பஞ்சுவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தன் ஒருத்தியின் மூக்குக்காக நிலையமே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள். தானாக எழுந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

"சார், அது நான்தான் சார். குறட்டை விடுறது நான். நான் தேடினதாலதான்..."

கேட்கும்படியாகவே சொன்னாள்.

இயக்குநர் அவளைக் கனிவோடு பார்த்தார். "உனக்குமாம்மா? உக்காரு, உக்காரு. எல்லாரும் அதைத்தானே சொல்லிட்டிருக்கோம்."

பஞ்சு உட்கார்ந்தாள். இத்தனை நாள் வயிற்றில் எடைக்கல்லாகக் கிடந்த ரகசியத்தை அவை முன்னால் இறக்கி வைத்தாயிற்று. முள் அசையவில்லை.

நிலையத்தின் செலவில் எல்லோருக்கும் தாடைப்பட்டை வாங்கப்பட்டது. ஒவ்வொன்றையும் எடைபோட்டு, தாடை வரும் இடத்தில் முத்திரை குத்தினார்கள். வழங்கும் விழாவில் முதல் பட்டையை இயக்குநரே அணிந்து தொடங்கிவைத்தார். அணிந்த பிறகுதான் தலைமையுரை. வாய் திறக்க முடியவில்லை. கையை மட்டும் ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டு உட்கார்ந்தார். நிலைய வரலாற்றில் மிகச் சிறந்த உரை அது என்று இன்றும் சொல்கிறார்கள்.

முகாமுக்குப் போனார்கள். விடுதி அறையில் துணை இயக்குநர் அம்மையாரும் பஞ்சுவும் எதிரெதிர்க் கட்டில்களில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மையார் ஏதோ சொன்னார். "ம்ம்" என்று கேட்டது. பஞ்சுவும் "ம்ம்" என்றாள். அவர்களுக்குள் நடந்த மிக நல்ல உரையாடல் அது.

விடியும் நேரத்தில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டுப் பஞ்சு பதறி எழுந்தாள். தாடையைத் தொட்டுப் பார்த்தாள். பட்டை இறுக்கமாக, அதன் இடத்திலேயே இருந்தது. சத்தம் எதிர்க் கட்டிலிலிருந்து வந்தது. அம்மையாரின் பட்டை நழுவி நெற்றிக்கு ஏறியிருந்தது. பஞ்சு சத்தமில்லாமல் நடந்து போய், அறைக்கு வெளியே சத்தம் போகாதபடி ஜன்னலைச் சாத்தினாள்.

காலையில் அம்மையார் கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டே சொன்னார். "உங்கிட்ட சத்தமே இல்லம்மா. பேருக்கேத்த பஞ்சுதான் நீ." பிறகு சீப்பை நிறுத்தினார். "நான் எப்படி? ஏதாவது...?"

"ஒண்ணும் கேக்கல மேடம்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "சொல்லுடி, அந்தம்மா குறட்டை விட்டாங்களா?"

"தெரியலக்கா. நான் தூங்கிட்டேன்."

அக்கா எவ்வளவோ கிள்ளியும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. தனியுரிமைக்கென்று குழுவும் அறையும் அறிக்கையும் இருந்த நிலையத்தில், உண்மையிலேயே ரகசியமாக இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பஞ்சு வேலைக்குப் போனாள். கண்ணாடி அறை காலியாக இருந்தது. சிறிசு யாருக்காகவோ பாதி மேகத்தோடு காத்திருந்தது. அவள் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். வருகைப்பதிவுக்கு நேரமாகிவிட்டிருந்தது. தன் இடத்துக்கு வந்து பெரிசைத் திறந்தாள். தட்டியதும் திறந்தது. பெயர், கடவுச்சொல் எல்லாம் அதுவே போட்டுக்கொண்டது.

திரையின் ஓரத்தில் பட்டை மனிதர் விழித்து உட்கார்ந்திருந்தார். "பட்டை வசதியாக இருந்ததா? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

வசதியாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்ல முடியாது. பஞ்சு நெடுநேரம் யோசித்து நான்கு நட்சத்திரம் கொடுத்தாள். ஐந்தாவதைக் கொள்கைக்காக நிறுத்திவைத்தாள்.

உடனே ஒரு சின்னக் கட்டம் திறந்தது. "ஏன் ஒன்று குறைவு? காரணத்தைச் சொன்னால் எங்களுக்கு வசதியாக இருக்கும்."

பஞ்சு சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு நிதானமாகத் தட்டினாள்.

"இன்று மழை வருமா?"